பிரஷர்னா என்ன? டயர்ல இருந்து மனசு வரைக்கும், அடிக்கடி கேக்குற கேள்விகள்

டயருக்கும் பிரஷர், குக்கருக்கும் பிரஷர், ரத்தத்துலயும் பிரஷர், ஆபீஸ்லயும் பிரஷர். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைய போட்டு போட்டு எது எதுன்னு குழம்பிடுது, அந்தக் குழப்பம் சில சமயம் உடம்புக்கே ஆபத்தா போயிடுது (அது எப்படின்னு பாதிக்கு மேல வரும்). அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இயற்பியல்ல இருந்து ஆரம்பிக்கிறேன், அது புரிஞ்சா மிச்சம் பாதி தானா புரியும்.

கேள்வி: முதல்ல, பிரஷர்னா என்ன?

ஒரு விசை எவ்வளவு பரப்பு மேல விழுதோ, அந்தப் பரப்பால விசைய வகுத்தா வர்றதுதான் அழுத்தம். இதுல வகுத்தாங்கறதுதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் மறந்துடுறோம்.

போர்டுல குத்துற பின்ன எடுத்துக்கோங்க. கட்டைவிரலால சுமார் ஒரு கிலோ எடைக்குச் சமமா அமுக்குறீங்கன்னு வைங்க, அதாவது 10 நியூட்டன். பின்னோட தலை ஒரு சதுர சென்டிமீட்டர் இருந்தா விரல் மேல வர்ற அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல், வலிக்காது. அதே 10 நியூட்டன்தான் கூர் முனை வழியாவும் போகுது, முனையோட பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர்னா அங்க அழுத்தம் 10 கோடி பாஸ்கல், ஆயிரம் மடங்கு. கடலோட ஆகப்பெரிய ஆழமான மரியானா அகழியில கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழ தண்ணி அமுக்குறது ஏறக்குறைய இதே அளவுதான்! அவ்வளவு பெரிய அழுத்தத்த ஒரு விரலால உண்டாக்குறோம், நாம பலசாலிங்கறதால இல்ல, பரப்பு சின்னதுங்கறதால.

கேள்வி: அப்ப எடை கூடுனா பிரஷர் கூடும்னு சொல்றது தப்பா?

பரப்பு மாறாம இருந்தா சரி. பரப்பும் மாறுச்சுன்னா எடைய மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஒரே பைய மெல்லிசு கயித்துல தொங்கவிட்டா தோள அறுக்குது, அகலப் பட்டையில போட்டா தெரியறதே இல்ல. சேத்துல கால் புதைஞ்சா பலகைய போட்டு நடக்குறோம், நம்ம எடை ஒரு கிராம்கூட குறையல ஆனா புதையறது நின்னுடுது. கத்திய தீட்டுறது, ஊசிமுனை, ரயில் தண்டவாளத்துக்கு அடியில குறுக்குக் கட்டை போடுறது எல்லாமே பரப்ப மாத்துற வேலைதான்.

கேள்வி: பாஸ்கல், பார், பிஎஸ்ஐ, மில்லிமீட்டர் மெர்க்குரி... ஏன் இத்தனை அலகு?

ஒவ்வொரு தொழிலும் தன் கைக்கு வசதியானத பிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டர்ல ஒரு நியூட்டன் விழுந்தா ஒரு பாஸ்கல், இந்தப் பேர 1971-ல அதிகாரபூர்வமா வச்சாங்க, பிளேஸ் பாஸ்கல்ங்குற பிரெஞ்சு விஞ்ஞானியோட நினைவா. கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 1,01,325 பாஸ்கல், அதையே 1013 ஹெக்டோபாஸ்கல்னும் (ஹெக்டோன்னா நூறு), ஏறக்குறைய ஒரு பார்னும், 14.7 பிஎஸ்ஐன்னும் (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டுங்கறது), 760 மில்லிமீட்டர் மெர்க்குரின்னும் (அதாவது அவ்வளவு உயரப் பாதரசம்) சொல்லலாம், எல்லாம் ஒண்ணுதான். வானிலைக்காரங்க ஹெக்டோபாஸ்கல்லயும் டயர் கடைக்காரங்க பிஎஸ்ஐலயும் டாக்டருங்க மெர்க்குரிலயும் பேசுறாங்க.

கேள்வி: காத்து நம்மள அமுக்குதுன்னு எப்படி கண்டுபிடிச்சாங்க? நமக்குத் தெரியவே இல்லயே.

கிணத்துப் பம்புல இருந்து வந்த கதை இது. உறிஞ்சு பம்பு வச்சு சுமார் 10 மீட்டருக்கு மேல தண்ணிய ஏத்தவே முடியல, எவ்வளவு இழுத்தாலும் நின்னுடுது, ஏன்னு யாருக்கும் புரியல. 1643-ல இத்தாலியில டாரிசெல்லி தண்ணிக்கு பதிலா பாதரசத்த வச்சு பார்த்தார். ஒரு முனை மூடின கண்ணாடிக் குழாய்ல பாதரசத்த நிரப்பி, பாதரசத் தொட்டியில கவுத்துனா, அது முழுசா கொட்டாம சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துல நின்னுச்சு. பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், 76-ஐ 13.6-ஆல பெருக்கிப் பாருங்க, அதே 10 மீட்டர் வருது! அப்ப குழாய்க்குள்ள எதுவும் இழுக்கல, வெளியில இருக்குற காத்துதான் தொட்டிய அமுக்கி மேல தள்ளுது.

அடுத்து பாஸ்கல் கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காத்தோட எடைதான் காரணம்னா மலை மேல போனா தலைக்கு மேல காத்து கம்மி, பாதரசமும் இறங்கணுமே? அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்ததால அக்கா புருஷன் பெரியர்கிட்ட கேட்டுக்கிட்டார், அவர் 1648 செப்டம்பர்ல பிரான்ஸ்ல இருக்குற புய் தெ தோம் மலையில குழாயோட ஏறினார். மேல போனதும் பாதரசம் நல்லாவே இறங்கிருந்துச்சு, அடிவாரத்துல ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்த இன்னொரு குழாய் அப்படியே இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ண கீழயே விட்டுட்டுப் போனாங்க பாருங்க, அந்த யோசனைக்காகவே கும்பிடணும்.

கேள்வி: ஸ்ட்ராவுல நாமதானே உறிஞ்சுறோம்?

வாய்க்குள்ள காத்தழுத்தத்த குறைக்கிறது மட்டும்தான் நம்ம வேலை, தண்ணிய மேல தள்ளுறது வெளிக்காத்து. அதனாலதான் ஸ்ட்ராவுல சின்ன ஓட்டை இருந்தா எவ்வளவு இழுத்தாலும் வராது.

கேள்வி: ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் ஒரு கிலோ எடைன்னா நாம ஏன் நசுங்கல?

உள்ளங்கை மேலயே நூறு கிலோ எடை மாதிரி கணக்கு வருது, கேக்க பயமாத்தான் இருக்கு. ஆனா காத்து மேல இருந்து மட்டும் அமுக்கல, கைக்கு அடியிலயும் பக்கத்துலயும் அதே அளவு அமுக்குது, உடம்புக்குள்ள இருக்குற திரவமும் நுரையீரல் காத்தும் அதே அழுத்தத்துலதான் இருக்கு. ரெண்டு பக்கமும் சமம், அதனால தெரியல. வித்தியாசம் வந்தாத்தான் உடம்பு கவனிக்கும். விமானம் ஏறும்போது காது அடைக்குதே, அதான் அது, செவிப்பறைக்கு வெளிய அழுத்தம் குறைஞ்சிடுச்சு உள்ள குறையல, கொட்டாவி விட்டா தொண்டைக்கும் நடுக்காதுக்கும் நடுவுல இருக்குற குழாய் திறந்து சமமாயிடுது. தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு காத்துமண்டலம் அளவு கூடிக்கிட்டே போகும், அதனால சிலிண்டரோட டைவிங் போறவங்களுக்கு சொல்லிக்குடுக்குற முதல் பாடம், மேல வரும்போது மூச்ச அடக்கவே கூடாது. வெளி அழுத்தம் குறையக் குறைய நுரையீரல் காத்து விரியும், அடக்கி வச்சா நுரையீரலே கிழியலாம்.

கேள்வி: குக்கர்ல ஏன் சீக்கிரம் வேகுது?

திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிக்கு மேல சூடாகாது, எவ்வளவு தீ வச்சாலும் ஆவியாத்தான் போகும். மூடி வச்சு ஆவிய அடக்குனா அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறுனா கொதிநிலையும் ஏறும், சாதாரண குக்கர்ல சுமார் 120 டிகிரி வரைக்கும். 1679-லயே டெனிஸ் பாப்பின் இத செஞ்சு காட்டிட்டார். மேல போடுற வெயிட் இருக்கே, அதுதான் இந்தப் பக்கத்தோட முதல் பதிலுக்கு நல்ல உதாரணம்: 80 கிராம் வெயிட், அடியில ஓட்டை 8 சதுர மில்லிமீட்டர்னா, வகுத்துப் பாருங்க, சரியா ஒரு காத்துமண்டல அழுத்தம் கூடுதலா வந்தாத்தான் அந்த வெயிட் தூக்கும். அந்தச் சின்ன ஓட்டை அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, தயவு செஞ்சு ஒவ்வொரு தடவையும் ஓட்டைய வெளிச்சத்துல பாத்துட்டு மூடுங்க, பிரஷர் இறங்காம மூடிய நெம்பித் திறக்காதீங்க.

மலை உச்சியில இதுக்கு நேர்மாறு, எவரெஸ்ட் மேல காத்தழுத்தம் கடல் மட்டத்துல மூணுல ஒரு பங்குதான், தண்ணி 70 டிகிரி சுமாருக்கே கொதிச்சிடும், கொதிக்கும் ஆனா வேகாது.

கேள்வி: டயர்ல காத்தே இல்லன்னா மீட்டர் சைபர் காட்டுது, உண்மையிலயே உள்ள பிரஷரே இல்லயா?

இருக்கு, வெளிக்காத்து அளவுக்கு 14.7 பிஎஸ்ஐ உள்ளயும் இருக்கு. மீட்டர் காட்டுறது வெளிய விட எவ்வளவு அதிகம்ங்கறத மட்டும்தான். பிபி மிஷினும் அப்படித்தான். 1200 கிலோ கார்ல ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, 30 பிஎஸ்ஐன்னா சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ, அப்ப ரோட்ட தொடுற பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர், ஒரு உள்ளங்கை அளவுதான். இத்தனை வேகத்துல போற கார் நாலு உள்ளங்கை மேல நிக்குது! காத்து ஏத்தும்போது டயர் ஆறியிருக்கணும், 10 டிகிரி சூடு ஏறுனாலே ஒன்றரை பிஎஸ்ஐ சுமாருக்கு கூடக் காட்டும்.

கேள்வி: செய்தியில காற்றழுத்தத் தாழ்வுன்னா ஏன் உடனே மழை?

சுத்தி இருக்குற காத்து அழுத்தம் கம்மியா இருக்குற இடத்த நோக்கி வருது, அங்க சேர்ந்து மேல ஏறுது, ஏறும்போது குளிர்ந்து அதுல இருக்குற ஈரம் மேகமாகுது. பூமி சுத்துறதால நேரா வராம சுழண்டுக்கிட்டு வரும். 1979-ல பசிபிக்ல வந்த டிப் புயலோட நடுவுல 870 ஹெக்டோபாஸ்கல் பதிவாச்சு. சாதாரணமா 1013, அதுல வெறும் 14 சதவீதம் குறைஞ்சதுக்கு அவ்வளவு பெரிய புயல்.

கேள்வி: பிபி 120/80-ன்னா அந்த ரெண்டு நம்பரும் என்ன?

இதயம் சுருங்கித் தள்ளும்போது ரத்தக்குழாய் சுவர்ல விழுற அழுத்தம் மேல் நம்பர், ரெண்டு துடிப்புக்கு நடுவுல இதயம் தளரும்போது இருக்குறது கீழ் நம்பர். 120 மில்லிமீட்டர் மெர்க்குரின்னா தண்ணியில சொன்னா 1.6 மீட்டருக்கு மேல. அதாவது இதயம் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணி பீச்சுற அளவுக்குத் தள்ளுது. ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒருத்தர் குதிரையோட தமனியில கண்ணாடிக் குழாய் சொருகி, ரத்தம் 8 அடிக்கு மேல ஏறுனத அளந்து 1733-ல எழுதி வச்சிருக்கார். நல்லவேளை 1896-ல ரிவா ரோச்சி கையில பட்டை சுத்துற முறைய கொண்டு வந்தார், 1905-ல கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப் வச்சு சத்தம் கேட்டு ரெண்டு நம்பரையும் பிரிச்சார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வச்சு அளக்கும்போது இன்னைக்கும் அதுதான் நடக்குது.

கேள்வி: எனக்கு டென்ஷனே கிடையாது, நான் பாட்டுக்கு அமைதியா இருக்கேன், எனக்கு எப்படி பிரஷர் வரும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுனேன்னு சொல்லலாம். பேர்தான் இங்க எமன். டாக்டர் ஹைப்பர்டென்ஷன்னு சொல்றார், நாம அதுல டென்ஷன மட்டும் காதுல வாங்கிக்கிறோம். அந்த டென்ஷன் ரத்தக்குழாயோட இறுக்கம், மனசோட பதட்டம் இல்ல. நாம பேச்சுல பிரஷர்ங்குற வார்த்தைய ரெண்டுக்கும் போடுறதால, கோவக்காரங்களுக்குத்தான் பிரஷர் வரும், சாந்தமா இருக்கேன் எனக்கு வராதுன்னு ஒரு கணக்கு மனசுல உக்காந்துடுது.

வயசு, பரம்பரை, உப்பு, உடம்பு எடை, சிறுநீரகக் கோளாறு, மது, உடம்ப அசைக்காம இருக்குறதுன்னு காரணம் பல. சிரிச்ச முகமா இருக்குறவருக்கும் 170 இருக்கலாம், எப்பவும் எரிஞ்சு விழுறவருக்கு 115 இருக்கலாம். பதட்டப்பட்டா அந்த நேரத்துக்கு நம்பர் ஏறும், அது உண்மை, ஆஸ்பத்திரியில வெள்ளைக் கோட்ட பாத்தாலே ஏறுறவங்களும் இருக்காங்க. ஆனா எப்பவும் 140/90-ஐ தாண்டியே நிக்கிறது வேற விஷயம், பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது, தலைவலி மயக்கம் எதுவுமே இருக்காது. உலகத்துல நூறு கோடிக்கும் மேல பெரியவங்களுக்கு இது இருக்கு, அதுல பெரிய பங்கு ஆளுங்களுக்கு இருக்குன்னே தெரியாது. மூளையிலயோ இதயத்துலயோ சிறுநீரகத்துலயோ பாதிப்பு வந்த பிறகுதான் தெரியுது. அதனால மனச கேட்டு முடிவு பண்ணாதீங்க, பட்டைய கட்டி அளந்து பாருங்க. மாத்திரை சாப்பிடுறவங்க, இப்ப நல்லா இருக்கு டென்ஷன் இல்லன்னு நீங்களா நிறுத்தாதீங்க, நல்லா இருக்குறதுக்கு அந்த மாத்திரைதான் காரணமா இருக்கும்.

கேள்வி: வீட்டுல அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வருதே?

வரும், அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறதுதான். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் தரையில, கால் மேல கால் போடாதீங்க, பேசாதீங்க, சிறுநீர அடக்கிக்கிட்டு அளக்காதீங்க. பட்டை இதய மட்டத்துல இருக்கணும், இங்க திரும்ப அந்தத் தண்ணி உயரக் கணக்குதான், கை 10 சென்டிமீட்டர் கீழ தொங்குனா 7, 8 கூடக் காட்டும். ரெண்டு தடவை எடுத்து சராசரி பாருங்க, நாலஞ்சு நாள் எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: தமிழ்ல அழுத்தம்னு சொன்னா எல்லாமே வந்துடுமா?

இல்ல, தமிழ் இதுல இன்னும் நுணுக்கமா பிரிச்சு வச்சிருக்கு. அழுத்தமான ஆளுன்னா பிரஷர்ல இருக்குறவர்னு அர்த்தம் இல்ல, மனசுல இருக்குறத வெளிய விடாதவர். அழுத்தம் திருத்தமா பேசுனார்னா தெளிவா உறுதியா பேசுனார். வெளிய இருந்து ஒருத்தர் நம்மள தள்ளுனா அது நெருக்கடி, நிர்ப்பந்தம், வற்புறுத்தல், கெடுபிடி, ஒவ்வொண்ணும் வேற. பாசத்தோட வற்புறுத்தலாம், கெடுபிடியில பாசம் இல்ல. எல்லாத்துக்கும் பிரஷர்னு ஒரே வார்த்தைய போட்டா யார் தள்ளுறா, எதுக்குத் தள்ளுறாங்கறது மறைஞ்சு போகுது. யாராவது எனக்கு பிரஷரா இருக்குன்னு சொன்னா இந்த வார்த்தைகள்ல எதுன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு உடனே தெளிவாகும்.

கேள்வி: ஸ்ட்ரெஸ்ஸும் பிரஷரும் ஒண்ணா?

பொறியியல்ல ரெண்டுக்கும் அலகு ஒண்ணுதான், பாஸ்கல். ஸ்ட்ரெஸ்ஸுக்கு பாடப்புத்தகத்துல தகைவுன்னு பேர், அதாவது வெளிய இருந்து இழுத்தாலோ அமுக்குனாலோ பொருளுக்குள்ள உண்டாகுற எதிர்ப்பு, அதையும் பரப்பால வகுத்துத்தான் சொல்றாங்க. 1936-ல ஹான்ஸ் செல்யே எலிகள குளிர்லயும் காயத்துலயும் வேற வேற தொல்லைலயும் வச்சு பாத்தப்ப, தொல்லை எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் குடுத்துச்சு, அட்ரீனல் சுரப்பி வீங்குச்சு, வயித்துல புண்ணு வந்துச்சு. பின்னால அந்தப் பதிலுக்குத்தான் ஸ்ட்ரெஸ்னு பேர் நிலைச்சுது. அதனால நான் இப்படிப் பிரிக்கிறேன், வெளிய இருந்து வர்றது பிரஷர், உள்ள நடக்குறது ஸ்ட்ரெஸ். ஒரே பிரஷர் ரெண்டு பேருக்குள்ள வேற வேற ஸ்ட்ரெஸ்ஸ உண்டாக்கும், அது யாரோட குறையும் இல்ல.

கேள்வி: கொஞ்சம் பிரஷர் குடுத்தாத்தானே வேலை நடக்கும்?

பாதி உண்மை. 1908-ல யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் எலிகளுக்கு ஷாக் குடுத்து பழக்கினாங்க. சுலபமான வேலைன்னா ஷாக் கூடக் கூட சீக்கிரம் கத்துக்கிச்சு, கஷ்டமான வேலைன்னா நடுத்தர அளவுலதான் நல்லா கத்துக்கிச்சு, அதுக்கு மேல குடுத்தா தடுமாறிச்சு. யோசிச்சு செய்ய வேண்டிய வேலை குடுத்துட்டு தலைக்கு மேல நின்னு விரட்டுறவங்க இந்த ரெண்டாவது பாதிய கேட்டதே இல்ல போல.

கேள்வி: கோவத்த அடக்கி வச்சா குக்கர் மாதிரி வெடிச்சிடும், கத்தி தீத்துட்டா பிரஷர் இறங்கிடும்தானே?

மனசு குக்கர் இல்ல. இந்த உவமை ரொம்ப வசதியா இருக்குறதால நம்பிட்டோம். 2002-ல புஷ்மன்ங்குற ஆராய்ச்சியாளர் கோவப்படுத்தப்பட்ட ஆளுங்கள்ல சிலர, கோவமூட்டுனவர நினைச்சுக்கிட்டு பஞ்ச் பைய குத்தச் சொன்னார், சிலர சும்மா உக்காரச் சொன்னார். குத்துனவங்களுக்குத்தான் கோவம் அதிகமா இருந்துச்சு. ஆவி வெளிய போனா உள்ள குறையும், கோவம் வெளிய போனா பழக்கமாகும். அதுக்காக மென்னு முழுங்கணும்னு சொல்லல, கத்துறது வேற, நம்புற ஒருத்தர்கிட்ட உக்காந்து என்ன நடந்துச்சுன்னு சொல்றது வேற.

கேள்வி: எல்லாரும் சொல்றாங்கன்னு நானும் தலையாட்டிடுறேன், நான் பலவீனமான ஆளா?

இல்லவே இல்ல. 1951-ல சாலமன் ஆஷ் ஒரு சோதனை வச்சார், ஒரு கோட்ட காட்டி, மூணு கோட்டுல எது அதே நீளம்னு கேக்குறது, குழந்தைகூட சொல்லிடும். ஆனா கூட உக்காந்திருந்த எல்லாரும் ஏற்பாடு பண்ண ஆளுங்க, வேணும்னே தப்பா சொன்னாங்க. வந்தவங்கள்ல நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது அவங்களோட சேர்ந்து தப்பான பதில சொன்னாங்க, கண்ணெதிர கோடு இருக்கும்போதே! அடுத்து அவர் பண்ணதுதான் அருமை, கூட்டத்துல ஒரே ஒரு ஆள சரியான பதில் சொல்ல வச்சார், உடனே அந்தத் தலையாட்டல் வெகுவா குறைஞ்சிடுச்சு. கூட்டத்துல யாராவது தனியா நின்னு சரியா சொன்னா, ஆமா எனக்கும் அப்படித்தான் தோணுதுன்னு நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருக்கு.

கேள்வி: வேலை பிரஷர குறைக்க ஏதாவது வழி சொல்லுங்க.

மனசுக்கு பாஸ்கல் கணக்கு பொருந்தாது, ஆனா வகுத்தாங்கற யோசனைய இங்க கொண்டு வரலாம். சுமைய குறைக்க முடியாத நேரம் நிறைய வரும், அப்ப அது எவ்வளவு சின்ன இடத்துல விழுதுன்னு பாருங்க. ஒரே நாள்ல விழுதா, நாலு நாளுக்குப் பிரிக்க முடியுமா? ஒரே ஆள் மேல விழுதா? வீட்டுல உடம்பு முடியாதவங்கள பாத்துக்குறது பல குடும்பத்துல ஒருத்தர் தலையிலயே இருக்கும், மத்தவங்க எல்லாம் அவளுக்குத்தான் பழக்கம்னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. வேலை மொத்தம் அதிகமே இல்ல, ஊசி முனை மாதிரி ஒருத்தர் மேல குவிஞ்சு நிக்குது. வாரத்துல ரெண்டு ராத்திரி இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா அவங்க முகமே மாறும். அமைதியா இருன்னு அவங்களுக்கு அறிவுரை சொல்றதுக்கு முன்னாடி இத செய்ங்க.

கேள்வி: மன அழுத்தத்துக்கு டாக்டர பாக்கணுமா, தானா போயிடாதா?

பரீட்சை, கடைசித் தேதி மாதிரி காரணம் முடிஞ்சதும் இறங்குறது தானா போயிடும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, பசி போய், பிடிச்ச விஷயத்துலகூட மனசு ஒட்டலன்னா டாக்டர்கிட்ட போங்க, பிபி அளக்க போற மாதிரியே சாதாரணமா போங்க. உயிரோட இருக்க வேணாம்னு ஒரு தடவை தோணுனாலும் ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே பக்கத்துல இருக்குற யார்கிட்டயாவது வாய் விட்டு சொல்லுங்க, அவங்கள கூட்டிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போங்க.